மனக்காயத்திற்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

குடும்பத்தில் நேர்ந்த மரணம், சாலை விபத்து, வீட்டில் தொடரும் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், வெள்ளம், தீ விபத்து போன்ற கொடிய நிகழ்வுகளைச் சந்தித்த பிள்ளை, சில நாள்களில் மீண்டும் பள்ளிக்குச் செல்கிறது. சீருடையும் புத்தகப்பையும் முன்போலவே இருக்கின்றன. ஆனால் பிள்ளையின் உறக்கம், கவனம், கோபம், பேச்சு ஆகியவை மாறியிருக்கலாம். நடந்ததை அறியாத பள்ளி இம்மாற்றங்களைச் சோம்பல் என்றோ ஒழுங்கீனம் என்றோ கருதித் தண்டித்தால், காயம் ஆழமாகும். நடந்ததை அறிந்து பள்ளி தன் அன்றாட நடைமுறையில் சில மாற்றங்களைச் செய்தால், அப்பள்ளியே பிள்ளை தேறிவரும் இடமாக அமையும்.

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், அந்தியூர், பவானி வட்டாரங்களைச் சேர்ந்த பெற்றோர், தாத்தா பாட்டியர், விடுதிக் காப்பாளர்கள் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. பிற மாவட்டத்தினருக்கும் இது பொருந்தும்.

முக்கியச் செய்திகள்

• அதிர்ச்சிக்குப் பின் பிள்ளையின் நடத்தை மாறுவது இயல்பு. பெரும்பாலான பிள்ளைகள் அன்பும் ஒழுங்கான அன்றாட வாழ்வும் கிடைத்தால் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர்.

• நடந்ததைப் பள்ளியிடமிருந்து மறைக்காதீர்கள். விவரம் முழுவதையும் கூற வேண்டியதில்லை. பள்ளிக்குத் தேவையான அளவு கூறினால் போதும்.

• நடந்ததை விவரிக்குமாறு பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். பேச முன்வரும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

• அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தாலும், உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு எழுந்தாலும் மருத்துவ உதவி பெறுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது.

மனக்காயம் என்றால் என்ன?

தன் உயிருக்கோ தனக்கு நெருக்கமானவர் உயிருக்கோ ஆபத்து நேர்ந்தபோது, தாங்கும் ஆற்றலை மீறி மனத்தில் பதியும் பாதிப்பே மனக்காயம். மருத்துவர்கள் இதனை 'டிராமா' என்று குறிப்பிடுவர். ஒரே ஒரு பெருநிகழ்வால் இது ஏற்படலாம். குடித்துவிட்டு வரும் தந்தை ஒவ்வோர் இரவும் தாயை அடிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஏற்படுவதுபோல, நாள்தோறும் சிறிது சிறிதாகவும் சேரலாம். இரண்டாவது வகை வெளியே எளிதில் தெரிவதில்லை.

ஒரே நிகழ்வு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. வயது, முன்பு சந்தித்த துன்பங்கள், நிகழ்வை எவ்வளவு அருகிலிருந்து கண்டது, பின்னர் கிடைத்த ஆதரவு ஆகியவற்றைப் பொறுத்து பாதிப்பு வேறுபடும். இவற்றுள் பெற்றோராலும் பள்ளியாலும் மாற்றக்கூடியது கடைசியானது மட்டுமே.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, இளமையில் சந்தித்த வன்முறை, புறக்கணிப்பு, குடும்பச் சிதைவு ஆகியவற்றின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் போதைப் பழக்கமும் மிகுவதைக் காட்டியது. இந்தியாவில் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிட்டது. உங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது அரிதானதோ வெட்கப்படத்தக்கதோ அன்று.

படிப்பு ஏன் பாதிக்கப்படுகிறது?

ஆபத்தை உணர்த்துவதற்கென மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. கொடிய நிகழ்வொன்றுக்குப் பின் இப்பகுதி எளிதில் விழித்தெழும் நிலையிலேயே இருக்கும். கதவு அறையும் ஓசை, உரத்த குரல், பட்டாசு, ஒரு குறிப்பிட்ட வாசனை ஆகியவற்றைக்கூட அது ஆபத்தாகக் கொள்ளும். அப்போது இதயம் விரைந்து துடிக்கும், தசைகள் இறுகும். சிந்தித்தல், திட்டமிடுதல், நினைவில் வைத்தல் ஆகியவற்றுக்கு உதவும் முன்மூளையின் செயல்பாடு பின்தங்கும்.

இந்நிலையில் உள்ள பிள்ளை, கணக்குப் பாடத்தைக் கவனிக்க விரும்பினாலும் இயலாது. உடல் அந்நேரத்தில் தப்பிப்பதற்கே ஆயத்தமாக உள்ளது. சில பிள்ளைகள் சண்டையிடுவர். சிலர் வகுப்பைவிட்டு ஓடுவர். சிலர் கல்லாய் உறைந்து அமர்ந்திருப்பர். உறைந்து அமரும் பிள்ளைகள் தொந்தரவு தருவதில்லை என்பதால், உதவி தேவைப்படுவோர் பட்டியலில் அவர்களின் பெயரே பெரும்பாலும் விடுபடுகிறது.

வயதுக்கேற்ற அறிகுறிகள்

ஆறு வயதுக்கு உட்பட்டோர்: தாயை விட்டுப் பிரிய மறுத்தல், நின்றிருந்த படுக்கைநனைப்பு மீண்டும் தொடங்குதல், மழலைப் பேச்சுக்குத் திரும்புதல், நடந்த நிகழ்வையே விளையாட்டில் மீண்டும் மீண்டும் நடித்தல்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை: காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி அல்லது தலைவலி, கெட்ட கனவுகள், மதிப்பெண் குறைதல், தன்னால்தான் அது நடந்தது என்ற குற்றவுணர்வு, வீட்டிலுள்ளோர் பாதுகாப்பாக உள்ளனரா என்று ஓயாமல் கேட்டல்.

பதின்பருவத்தினர்: எரிச்சல், நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், உறக்கமின்மை, எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மை, புகையிலை அல்லது மதுவை நாடுதல், உடலில் காயம் ஏற்படுத்திக்கொள்ளுதல், ஆபத்தான வேகத்தில் வாகனம் ஓட்டுதல்.

உடல்வலியைப் பாசாங்கு என்று தள்ளிவிடாதீர்கள். மனஅழுத்தத்தால் ஏற்படும் வயிற்றுவலியும் உண்மையான வலியே. முதலில் மருத்துவரிடம் காட்டி, உடல் நோய் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மனக்காயத்தை அறிந்து நடக்கும் பள்ளி

இத்தகைய பள்ளி நான்கு செயல்களைச் செய்கிறது. மனக்காயம் எவ்வளவு பரவலானது என்பதை ஆசிரியர் முதல் காவலாளி வரை அனைவரும் அறிந்திருப்பர். அதன் அறிகுறிகளை நடத்தையில் கண்டுகொள்வர். அவ்வறிவுக்கேற்ப விதிகளையும் நடைமுறைகளையும் அமைப்பர். பிள்ளையை மீண்டும் காயப்படுத்தும் எதனையும் பள்ளி செய்யாதவாறு காப்பர்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ஆசிரியர் மனநல மருத்துவராக மாற வேண்டியதும் இல்லை. பிள்ளைக்கு உதவுபவை பெரும்பாலும் எளியவை.

• நாளை என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிதல். பாடவேளை மாறினாலோ, தீயணைப்பு ஒத்திகை நடைபெறவிருந்தாலோ முதல் நாளே சொல்லப்படும்.

• நம்பிக்கைக்குரிய ஒரே ஒரு பெரியவர். வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், சத்துணவுப் பணியாளர் என யாராகவும் இருக்கலாம். பிள்ளையே தேர்ந்தெடுப்பது நல்லது.

• மனம் கலங்கும்போது அனுமதி கேட்டு, நூலகம் அல்லது தலைமையாசிரியர் அறைக்கு அருகில் பத்து நிமிடம் அமைதியாக அமரும் வாய்ப்பு.

• பலர் முன்னிலையில் கேள்வி கேட்டுத் திணறச் செய்யாதிருத்தல். முட்டி போடுதல், வெளியே நிறுத்துதல், கேலி செய்தல் ஆகியவற்றுக்கு இடமில்லாமை.

• கதவருகே அமர விரும்பும் பிள்ளைக்கு அவ்விடத்தைத் தருதல்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இது விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது. பவானி ஆற்றில் அண்ணனை இழந்த ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர், கொடிவேரி அணைக்குச் சுற்றுலா செல்லும் நாளில் பேருந்தில் ஏற மறுத்து, வற்புறுத்திய ஆசிரியரின் கையைத் தட்டிவிடுகிறார். நடந்ததை அறியாத பள்ளியில் இது ஒழுங்கீனம். பெற்றோரை அழைத்துவர வேண்டிய குற்றம். நடந்ததை அறிந்த பள்ளியில், சுற்றுலா அறிவிக்கப்படும் நாளிலேயே வகுப்பாசிரியர் அவரைத் தனியே அழைத்து, "நீ வர வேண்டியதில்லை, வர விரும்பினாலும் தண்ணீர் அருகே செல்ல வேண்டியதில்லை, முடிவு உன்னுடையது" என்று கூறியிருப்பார். வேறுபாடு ஐந்து நிமிட உரையாடல் மட்டுமே. ஆனால் அவ்வுரையாடல் நடைபெற வேண்டுமானால், வீட்டிலிருந்து பள்ளிக்குச் செய்தி சென்றிருக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் கற்ற பாடம்

இம்முறை ஏட்டளவில் நிற்கும் கருத்தன்று. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். கல்வி கற்கச் சென்ற இடமே ஆபத்தின் இடமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வகுப்புத் தோழரையும் இழந்த பிள்ளைகள் பல்லாயிரவர். மனநல மருத்துவர்களோ மிகச் சிலர்.

ஆகவே பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம், ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. ஓவியம், களிமண், கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றின் வழியே பிள்ளைகள் தாம் விரும்பும் அளவுக்கு உணர்வை வெளிப்படுத்த வாய்ப்பளிப்பதும், அன்றாட வாழ்வை விரைவில் மீட்டெடுப்பதும், தேறாத பிள்ளைகளை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்புவதும் அப்பணியின் அடிப்படைகளாக இருந்தன.

இலங்கையின் வடக்கில் போர்க்காலத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடைய சக பணியாளர்களும் ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி அளித்தனர். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கலையும் விளையாட்டும் நிறைந்த பாதுகாப்பான இடத்தை அளித்தது.

இவ்வனுபவங்கள் பேரிடர்க் காலத்துக்கு உரியவை. எனினும், ஒரே ஒரு வீட்டில் நேர்ந்த இழப்புக்கும் அதே அடிப்படைகள் பொருந்தும். பேரிடரில் இழப்பு ஊருக்கே தெரியும். உதவி தானே வரும். தனி வீட்டின் இழப்பில் நீங்கள் சொன்னால்தான் பள்ளிக்குத் தெரியும்.

பள்ளியிடம் எவ்வாறு கூறுவது?

"ஊருக்குத் தெரிந்துவிடும்", "பிள்ளையைப் பாவமாகப் பார்ப்பார்கள்", "நாளை திருமணத்தின்போது பேச்சு வரும்" என்ற அச்சங்களால் பல குடும்பங்கள் மௌனம் காக்கின்றன. இவ்வச்சங்கள் இயல்பானவை. ஆயினும், எதனை எவரிடம் எவ்வளவு கூறுவது என்பது உங்கள் கையிலேயே உள்ளது.

1. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். "உன் வகுப்பாசிரியருக்கு இது தெரிந்தால் உனக்கு உதவுவார். நான் சொல்லட்டுமா? எதைச் சொல்ல வேண்டாம்?" என்று கேட்பது, பிள்ளைக்குத் தன் வாழ்வின் மீது சிறிது கட்டுப்பாட்டை மீட்டுத் தருகிறது.

2. தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் தனியே சந்தியுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பிறர் முன் கூற வேண்டாம்.

3. மூன்று செய்திகள் போதும்: சுருக்கமாக நடந்தது என்ன, பிள்ளையிடம் காணும் மாற்றம் என்ன, பள்ளியிடம் நீங்கள் கேட்பது என்ன.

4. வேறு எவரிடமும் கூற வேண்டாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. இரண்டு வாரத்திற்குப் பின் மீண்டும் சந்திக்க ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் தர விரும்பினால், பின்வரும் மாதிரியைப் பயன்படுத்தலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகளின் தந்தை சென்ற மாதம் சாலை விபத்தில் காலமானார். அதன்பின் அவள் இரவில் சரியாக உறங்குவதில்லை. திடீர் ஓசை கேட்டால் நடுங்குகிறாள். சில வாரங்களுக்கு வீட்டுப்பாடம் முடிக்கத் தாமதமானால் பொறுத்தருளுமாறும், தந்தையைப் பற்றி வகுப்பில் கேட்காதிருக்குமாறும், மனம் கலங்கும்போது சிறிது நேரம் வெளியே அமர அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இச்செய்தியைத் தங்கள் அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்."

பெற்றோரே வன்முறைக்குக் காரணமாக இருக்கும் வீடுகளில் இப்பொறுப்பை அம்மிச்சி, அப்புச்சி, அத்தை, மாமா போன்ற நெருங்கிய உறவினர் ஏற்கலாம். மலைக்கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளரே அந்நேரத்துப் பெற்றோர். வீட்டில் மரணம் நேர்ந்து திரும்பிய பிள்ளையை முதல் சில இரவுகள் நண்பர் ஒருவருக்கு அருகில் உறங்கச் செய்வதும், வீட்டாருடன் தொலைபேசியில் பேச நேரம் ஒதுக்குவதும் பெரிதும் உதவும். தறிக்கூடங்களிலும் நூற்பாலைகளிலும் பணிபுரிய வெளிமாநிலங்களிலிருந்து வந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மொழித் தடையும் சேர்ந்துகொள்கிறது. அவர்களின் தாய்மொழி அறிந்த மாணவரையோ பெரியவரையோ துணையாக அமர்த்துமாறு பள்ளியிடம் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• உண்ணும் நேரம், உறங்கும் நேரம், பள்ளி செல்லும் நேரம் ஆகியவற்றை மாற்றாதீர்கள். ஒழுங்கான நாள், "உலகம் இன்னும் நிற்கிறது" என்பதை மனத்துக்கு உணர்த்துகிறது.

• உண்மையை வயதுக்கேற்ற எளிய சொற்களில் கூறுங்கள். "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று கூறினால், குழந்தை காத்திருக்கும். பின்னர் உங்கள் சொல்லையே நம்பாது. "அப்பா இறந்துவிட்டார். இனித் திரும்பி வர மாட்டார். நாங்கள் உன்னுடன் இருக்கிறோம்" என்பதே குழந்தையைக் காக்கும் சொல்.

• "உன்னால் இது நடக்கவில்லை" என்று சொல்லுங்கள். ஒருமுறை போதாது, பலமுறை சொல்லுங்கள்.

• "ஆண்பிள்ளை அழலாமா", "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை" போன்ற சொற்களைத் தவிருங்கள். துக்கம் கேட்க வரும் உறவினரையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

• ஒரே நிகழ்வின் காணொளியும் படங்களும் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் காணக் கிடைப்பதைத் தடுங்கள்.

• நினைவு நாள், பிறந்தநாள், ஆடிப்பெருக்கு, தீபாவளி, ஊர்த் திருவிழா ஆகியவை வருமுன் ஆயத்தமாகுங்கள். தேறியிருந்த பிள்ளைக்கு அந்நாள்களில் அறிகுறிகள் மீளலாம். பாரியூர்க் குண்டம் திருவிழாவின் கூட்டமும் மேளமும் வெடியோசையும் ஒரு பிள்ளைக்கு மகிழ்ச்சி; மற்றொரு பிள்ளைக்கு நடுக்கம். வர விருப்பமா என்று கேளுங்கள்.

• உங்கள் துக்கத்தையும் கவனியுங்கள். பிள்ளை முன் அழுவது தவறன்று. ஆனால் உங்களால் எழுந்து இயங்க முடியாத நிலை தொடர்ந்தால், உங்களுக்கும் உதவி தேவை. பராமரிப்பவர் தேறினால் பிள்ளை தேறும்.

தேர்வும் மதிப்பெண்ணும்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண் இவ்வட்டாரக் குடும்பங்களில் மிகப்பெரும் எதிர்பார்ப்பைச் சுமக்கிறது. மனக்காயம் அடைந்த பிள்ளைக்கு இவ்வாண்டு மதிப்பெண் குறையலாம். அது அறிவின் குறைவன்று. தேர்ச்சி பெறாத மாணவர் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம். இதனைத் தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே பிள்ளையிடம் கூறிவிடுங்கள். முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அக்கம்பக்கத்தார் மதிப்பெண் கேட்டு அழைத்தால் நீங்களே பதில் கூறுங்கள்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் தாமதிக்காதீர்கள்.

• ஒரு மாதத்திற்கு மேலாகக் கெட்ட கனவு, திடுக்கிடல், நிகழ்வு மீண்டும் நடப்பதுபோல் உணர்தல் ஆகியவை குறையாதிருத்தல்.

• இரண்டு வாரங்களாக உணவும் உறக்கமும் பெரிதும் குறைந்திருத்தல்.

• பள்ளிக்குச் செல்ல முற்றிலும் மறுத்தல்.

• மது, போதைப் பொருள் பயன்பாடு.

• உடலைக் காயப்படுத்திக்கொள்ளுதல். "நான் இல்லாமல் போனால் நல்லது" போன்ற பேச்சு. தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்.

சிகிச்சை பெரும்பாலும் பேச்சு வழியிலானது. மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நீடிக்கும் பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறையாகும். பிள்ளை சில அமர்வுகளில் பாதுகாப்பாகத் தன் அச்சத்தைச் சந்திக்கப் பழகுகிறது, பெற்றோரும் பங்கேற்கின்றனர். உறக்க மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கித் தராதீர்கள். அதிர்ச்சிக்கு அவை மருந்தாகா. குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

உதவி கிடைக்கும் இடங்கள்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கோபிசெட்டிபாளையம் அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை எந்நாளில், எங்கே கிடைக்கும் என்பதை அங்குக் கேட்டறியலாம். தேவைப்பட்டால் ஈரோடு அரசு தலைமை மருத்துவமனைக்கோ, பெருந்துறையிலுள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பர். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடமும் பிள்ளையின் நிலையைக் கூறலாம்.

உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால்

பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாக, அமைதியாகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. சுமையை இறக்கி வைக்கவே உதவும். தோட்டத்திலும் வீட்டிலும் உள்ள பூச்சிக்கொல்லி, எலி மருந்து, சாணிப்பவுடர், மிகுதியான மாத்திரைகள் ஆகியவற்றை அகற்றுங்கள். அகற்ற இயலாதவற்றைப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். 14416ஐ அழையுங்கள். ஏற்கெனவே தீங்கு நேர்ந்திருந்தால் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள். வீட்டு வைத்தியத்தில் நேரத்தை இழக்காதீர்கள்.

காவல்துறை வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.

பிள்ளைக்குள்ள சட்டப் பாதுகாப்பு

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அடித்தால்தான் திருந்துவான் என்று பள்ளிக்கு அனுமதி தரும் உரிமை பெற்றோருக்கும் இல்லை.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012இன்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளியும் இதிலிருந்து விலக்குப் பெறாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். விசாரிக்கும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுதல் கூடாது. "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மறைக்கப்படும் குற்றம், பிள்ளையின் மனத்தில் மறையாது.

அடிக்கடி எழும் கேள்விகள்

எத்தனை நாள் விடுப்பு எடுக்கலாம்?
சடங்குகள் முடிந்தபின், பிள்ளை ஓரளவு உண்டு உறங்கத் தொடங்கியதும் பள்ளிக்கு அனுப்புவது நல்லது. முதல் வாரம் அரை நாள் மட்டும் அனுப்பப் பள்ளியிடம் கேட்கலாம். விடுப்பு நீள நீளத் திரும்புவது கடினமாகும். ஆனால் பள்ளியிலேயே தீங்கு நேர்ந்திருந்தால், பாதுகாப்பை உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள்.

பிள்ளை பயந்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துச் செல்கிறோம். தவறா?
வழிபாடும் பெரியோர் ஆசியும் குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம். பிள்ளையை அடிப்பது, கட்டுவது, பட்டினி போடுவது, புகையில் அமர்த்துவது ஆகியவற்றுக்கு ஒருபோதும் இடந்தராதீர்கள். மருத்துவரைக் காண்பதை அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

பிள்ளை எதுவுமே பேசுவதில்லை. என்ன செய்வது?
பேசாதிருப்பதும் தற்காத்துக்கொள்ளும் வழியே. அருகில் அமர்ந்து சமைக்கும்போதோ, மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதோ, வண்டியில் செல்லும்போதோ பேச்சு தானே வரலாம். நேருக்கு நேர் அமர்த்திக் கேள்வி கேட்பதைவிட, சேர்ந்து ஒரு வேலை செய்வது எளிது.

பள்ளி ஒத்துழைக்கவில்லை என்றால்?
முதலில் எழுத்தில் வேண்டுகோள் கொடுத்து அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ கல்வி அலுவலரிடமோ முறையிடலாம். பள்ளிக்கல்வித்துறையின் 14417 எண்ணையும் அழைக்கலாம். 'மாணவர் மனசு' பெட்டி உள்ள பள்ளிகளில் பிள்ளையே எழுதிப் போடலாம்.

உதவி எண்கள்

14416 – தொலைபேசி வழி மனநலச் சேவை (டெலி மானஸ்); 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது; 24 மணி நேரமும் இலவசம்; தமிழில் பேசலாம். மாற்று எண்: 1800 891 4416
104 – மருத்துவ ஆலோசனை
1098 – குழந்தைகள் உதவி எண்
14417 – பள்ளிக்கல்வித்துறை உதவி எண்
181 – பெண்கள் உதவி எண்
108 – அவசர ஊர்தி
112 – காவல் உள்ளிட்ட அவசர உதவி

இவ்வெண்களைப் பிள்ளையின் நாட்குறிப்பிலும், வீட்டில் நாள்காட்டிக்கு அருகிலும் எழுதி வையுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாக அமையா. உங்கள் பிள்ளைக்கு நேர்ந்த ஒரு துயரம் உங்களுக்கு இப்போது நினைவுக்கு வந்தால், நாளை காலை வகுப்பாசிரியரைச் சந்தித்து, மேலே கூறிய மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்.